அளந்ததையே எழுதுவோம்

"விசை என்றால் என்ன?" என்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் வகுப்பில் பதில் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நிலையாக இருப்பதை நகர்த்துவது, நகர்வதை நிறுத்துவது, அல்லது அப்படிச் செய்ய முயல்வது விசை. வேலை செய்யும் திறன் ஆற்றல். தான் செல்லும் ஊடகத்தை உடன் அழைத்துச் செல்லாமல் ஆற்றலை மட்டும் ஏந்திச் செல்வது அலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

அன்புத் தோழியரே! ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு இவற்றை அளக்கத் தெரியுமா? அளந்தாலும், அளந்ததை அளந்தபடி எழுதும் துணிவு நமக்கு உண்டா? இந்த ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னை இப்படிக் கேட்க வைத்தது. அது எனக்குப் பெருமை தரும் நிகழ்ச்சி அன்று. இருந்தாலும் எங்கள் அறிவியல் சிஸ்டரின் அனுமதி பெற்று இங்கே எழுதுகிறேன்.

ஏழு கற்கள்

அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன், திருப்புத்திறன்களின் தத்துவத்தைக் கொண்டு ஒரு கல்லின் நிறையைக் காணும் சோதனை. மீட்டர் அளவுகோலை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு பக்கம் 100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மறுபக்கம் நூல் கட்டிய கல்லை நகர்த்தி நகர்த்தி அளவுகோலைக் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். ஏழு மேசைகள், மேசைக்கு ஒரு கல்.

எடைக்கல் 30 சென்டிமீட்டரில் இருந்தபோது எங்கள் கல் 21.5-ல் நின்றது. 24-ல் வைத்தபோது 17.2. 18-ல் வைத்தபோது 13. கணக்குப் போட்டால் கல்லின் நிறை 139 கிராமுக்குச் சற்று மேல். மூன்று முறையும் ஏறக்குறைய அதே விடை. அந்த நேரத்தில் முதல் மேசையிலிருந்து, "நூற்றைம்பது வந்துவிட்டது!" என்று ஒரு குரல். சற்று நேரத்தில் இரண்டாம் மேசையிலும் 150. மூன்றாம் மேசையிலும் 150.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் 150 வரும்போது எனக்கு மட்டும் 139 வந்தால் தவறு என்னுடையதாகத்தானே இருக்கும்? அழிப்பானை எடுத்தேன். 21.5-ஐ அழித்து 20 என்று எழுதினேன். 17.2-ஐ 16 ஆக்கினேன். 13-ஐ 12 ஆக்கினேன். மூன்று வரிசையிலும் 150, 150, 150. பார்க்க மிக அழகான அட்டவணை.

சிஸ்டர் எங்கள் நோட்டுகளையும் கற்களையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து மின்னணுத் தராசில் வைத்தார். முதல் மேசையின் கல் மட்டும் 150 கிராம். மற்ற ஆறும் ஆறு விதம். எங்கள் கல் 140! வகுப்பில் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. சிஸ்டர் கோபிக்கவில்லை. "கல் பொய் சொல்லவில்லையே, பிள்ளைகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் எழுதியதைவிட இன்னொன்று என்னை அதிகம் உறுத்தியது. நான் சரியாகவே அளந்திருந்தேன். ஒரு கிராம் வித்தியாசத்தில் உண்மையைத் தொட்டிருந்தேன். தொட்ட உண்மையை என் கையாலேயே அழித்துவிட்டேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? நாம் கெட்ட பிள்ளைகள் அல்ல. ஆனால் விடை முதலில், அளவு பிறகு என்று பழகிவிட்டோம். "வர வேண்டிய விடை" வந்தால் மதிப்பெண், வராவிட்டால் இல்லை. ஆகவே விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவை உண்டாக்குகிறோம். இது தலைகீழ்ப் பாடம் என்பது என் தாழ்மையான கருத்து. இயற்பியலின் உயிர் சூத்திரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்தே இதைக் காட்ட முயல்கிறேன்.

தட்டை மாற்றிப் போடு

என் அம்மாச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தராசில் நிறுத்துக் கொடுக்கும் வியாபாரியிடம் சில சமயம், "தட்டை மாத்திப் போட்டு நிறுப்பா" என்பார். சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். திருப்புத்திறன் படித்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

தராசும் எங்கள் மீட்டர் அளவுகோலும் ஒன்றே. விசை எவ்வளவு என்பதோடு, அது நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இழுக்கிறது என்பதும் சேர்ந்தே தராசைச் சாய்க்கிறது. ஒரு கை 20 சென்டிமீட்டர், மறு கை 19 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தட்டுகள் சமமாக நிற்கும்படி ஒரு தட்டின் கனத்தைச் சரிசெய்துவிட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நீண்ட கையில் பொருளையும் குறுகிய கையில் ஒரு கிலோ எடைக்கல்லையும் வைத்தால், முள் நேராக நிற்கும்போது நமக்குக் கிடைத்திருப்பது 950 கிராம்தான். கிலோவுக்கு 50 கிராம் போயிற்று! பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது பல கடைகளில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதிலும் பொருளை வைக்கும் முன் 0 காட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. நாம் வெர்னியர் அளவுகோலில் படித்த சுழிப்பிழைதான் அது.

விசையைத் தவறாக அளப்பதால் 50 கிராம் மட்டுமா போகும்? அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஒரு விண்கலம் 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அந்தக் கோளை நெருங்கியபோது தொலைந்துபோனது. காரணம் என்ன தெரியுமா? கலத்தின் சிறு உந்து எந்திரங்கள் தந்த தள்ளலை ஒரு குழுவினரின் கணிப்பொறி பவுண்டு அலகில் சொன்னது. மற்றக் குழுவினர் அதை நியூட்டன் என்றே எடுத்துக்கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். "அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன்" என்று நம் ஆசிரியர்கள் சொல்லும்போது நாம் முகம் சுளிக்கிறோம். அவர்கள் குறைப்பது அரை மதிப்பெண்தான்!

அம்மாச்சியின் குடங்கள்

அடுத்து ஆற்றல். மின்கட்டணம் கட்டும்போது "இத்தனை யூனிட்டா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல். அதாவது 36 லட்சம் ஜூல். இது பெரிதா சிறிதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே அம்மாச்சியின் கிணற்றைக் கொண்டு அளந்து பார்த்தேன்.

10 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்க 980 ஜூல் வேண்டும். குடத்தின் எடையையும் இராட்டினத்தின் உராய்வையும் விட்டுவிடுவோம். ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 3,670 குடம் இறைக்கலாம்! நாளொன்றுக்கு 50 குடம் இறைத்தால் 73 நாள் வேலை. 75 வாட் மின்விசிறி ஆளில்லாத அறையில் 13 மணி 20 நிமிடம் சுற்றினால் ஒரு யூனிட் தீர்ந்துவிடும். அம்மாச்சி இரண்டரை மாதம் கயிறு இழுத்த உழைப்பை நாம் ஒரு நாளில் காற்றில் விடுகிறோம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, சொல்லாமலே சுவிட்சை அணைக்கப் பழகிவிட்டேன்.

இதைச் சொன்னபோது அம்மாச்சிக்கு மகிழ்ச்சி. ஆனால் அடுத்ததைச் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. சமதரையில் குடத்தைச் சுமந்து சீராக நடந்தால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை சுழி என்று பாடம் சொல்கிறதே! விசை மேல்நோக்கி, நடை முன்னோக்கி. "ஏண்டி பாப்பா, அரை மைல் தூரம் இடுப்புல குடத்தோட நடந்து வந்தேனே, அது வேலை இல்லியா? அந்தப் புத்தகம் எழுதுனவர ஒரு நடை தூக்கிட்டு வரச் சொல்லு!" என்றார்.

மறுநாள் சிஸ்டரிடம் கேட்டேன். பாடமும் சரி, அம்மாச்சியும் சரி என்றார். குடம் பெற்ற ஆற்றல் சுழிதான். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தசைகள் விடாமல் உணவின் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பாடம் அளந்தது குடத்தை. அம்மாச்சி அளந்தது தம் உடம்பை. "எதை அளந்தோம் என்று சொல்லாமல் அளவை மட்டும் சொல்லக் கூடாது" என்றார் சிஸ்டர். "அம்மா வீட்டில் சும்மாத்தான் இருக்கிறார்" என்று நம்மில் சிலர் சொல்கிறோமே, நாம் எதை அளந்துவிட்டு அப்படிச் சொல்கிறோம்?

பரங்கிமலையில் ஒரு கோடு

பரங்கிமலையில் உள்ள புனித தோமையார் திருத்தலத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம். உலக அறிவியல் வரலாற்றிலும் அம்மலைக்கு இடம் உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி அதன் அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகள் மேல் வைத்து, சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் அளந்தார்கள். வெப்பத்தில் எஃகு நீளும் அல்லவா? அதனால் பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மேலே கோணமானியை ஏற்றும்போது அது மோதி, அதன் வட்டம் நெளிந்துபோனது. அது அரை டன் எடையுள்ள கருவி. "சற்று நெளிந்தால் என்ன? கோணம் கிட்டத்தட்ட வரும்" என்று லாம்டன் எழுதிவைத்திருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவர் கருவியைப் பிரித்து, தட்டித் தட்டி வட்டத்தைச் சரிசெய்த பிறகே மேலே அளந்தார்.

பரங்கிமலையில் தொடங்கிய அந்த நில அளவை பிற்காலத்தில் இமயம் வரை நீண்டது. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணிதர் கணக்கிட்டுக் கண்ட மிக உயர்ந்த சிகரத்துக்கு 1856-இல் 29,002 அடி என்று உயரம் அறிவிக்கப்பட்டது. 2020-இல் செயற்கைக்கோள் உதவியோடு அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அடிக் கணக்கில் 29,032. மலையின் உச்சியில் எவரும் கால் வைக்காத காலத்தில், தொலைவில் நின்று அளந்தவர்கள் முப்பது அடிக்குள் வந்துவிட்டார்கள்! எத்தனையோ பேர் வெயிலிலும் மழையிலும் நின்று, கண்டதைக் கண்டபடி எழுதியதன் பயன் அது.

இரண்டரை மணி நேரம்

அலையைப் பற்றி எழுத எனக்குக் கை தயங்குகிறது. என் அம்மா பிறந்தது நாகப்பட்டினக் கரையோரம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைத் திருப்பலிக்குப் போன அம்மாவின் தோழி வீடு திரும்பவில்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் பலர்.

சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. ஆழிப்பேரலை சென்னைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இந்த அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கரையோரம் ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் வேகம் குறைய, பின்னால் வரும் நீர் நெருக்க, அலை உயர்ந்து எழுகிறது. நடுக்கடலில் அது மிகச் சிறியது. அன்று மேலே சென்ற ஒரு செயற்கைக்கோள் அளந்தபோது அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவே இருந்தது. என் இடுப்பு உயரம்கூட இல்லை!

அந்த இரண்டரை மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஆனால் அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. பெற்றோரை விடாமல் வற்புறுத்தினாள். கடற்கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அவள் அந்தப் பாடத்தை இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருந்தால்?

இப்போது நமக்கும் எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் அது இயங்குகிறது. கடலடியில் வைத்த கருவிகள் நீரின் அழுத்தத்தை இரவும் பகலும் அளக்கின்றன. அலை கடக்கும்போது அழுத்தம் சிறிதளவே கூடும். அந்தச் சிறு எண்ணைப் பார்ப்பவர், "இது வர வேண்டிய எண் அல்லவே, மற்றவர்களுக்கு இப்படி வரவில்லையே" என்று அழிப்பானை எடுத்தால் என்ன ஆகும்? என் 21.5-ஐ நினைத்துக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் நாளை அமரப்போவது நம்மில் ஒருத்தியாக இருக்கலாம். அழிக்கும் பழக்கத்தை அங்கே போய் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆய்வக மேசையில் பழகியதே அங்கும் வரும்.

மறுப்பும் வேண்டுகோளும்

இதை வீட்டில் சொன்னபோது, "எல்லாம் சரிதான் அம்மா, பொதுத்தேர்வில் விடை தவறினால் மதிப்பெண் குறையுமே" என்றார் அப்பா. அது உண்மையே. இரண்டு பாடவேளைக்குள் நாற்பது பேரின் சோதனையை முடிக்க வேண்டிய ஆசிரியரின் சிரமமும் எனக்குத் தெரிகிறது. தவறாக அளந்ததையும் சரி என்று ஏற்க வேண்டும் என நான் சொல்லவில்லை. தவறாக அளந்தவள் மறுபடி அளக்கட்டும். அளவை மாற்றாமல், அளக்கும் முறையை மாற்றட்டும். கண்ணை அளவுகோலுக்கு நேராக வைத்தாளா, நூல் நழுவியதா, காற்று அடித்ததா என்று தேடட்டும். அந்தத் தேடல்தான் இயற்பியல்.

ஆகவே பணிவுடன் மூன்று வேண்டுகோள்கள். அருட்சகோதரியரே, ஆசிரியைகளே! நம் பள்ளியில் நடக்கும் சோதனைகளிலாவது விடைக்குப் பாதி மதிப்பெண்ணும், அளந்ததை அளந்தபடி எழுதிப் பிழையின் காரணத்தை ஆராய்ந்ததற்குப் பாதி மதிப்பெண்ணும் தாருங்கள். பெற்றோரே! "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் நாளில் "இன்று எதை அளந்தாய்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். தோழியரே! ஆய்வகத்துக்குள் போகும்போது அழிப்பானை வகுப்பறையிலேயே வைத்துவிட்டு, பேனாவை எடுத்துச் செல்வோம். தவறாக எழுதிவிட்டால் படிக்கும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதுவோம்.

என் செய்முறை நோட்டில் அழித்த இடம் இன்னும் தேய்ந்து தெரிகிறது. சென்ற வாரம் சிஸ்டரிடம் கேட்டு, 20 என்பதை அடித்துவிட்டு அதன் அருகே மையால் 21.5 என்று எழுதினேன். சிஸ்டர் அதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், ஓரத்தில் கையொப்பமிட்டார். மதிப்பெண் மாறவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இப்போது யாரிடம் வேண்டுமானாலும் காட்ட முடியும்.

அளப்போம், அளந்ததையே எழுதுவோம்!

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி